தமிழும் மலையாளமும் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கில இலக்கணம்: எங்கே தொடங்குவது?

கேட்டவர் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் இருக்கும் ஒரு தாய். மகள் தமிழ் வழியில் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலப் பாடத்தை வாசித்துவிடுவாள், சொற்களுக்குப் பொருளும் சொல்வாள். சொந்தமாக ஒரு பத்தி எழுதச் சொன்னால் இரண்டு வரியில் நின்றுபோகிறாள். வகுப்பில் விளக்கம் மலையாளத்தில். கவிதை பற்றிய கேள்வி என்றால் விட்டேவிடுகிறாள். நல்ல இலக்கணப் புத்தகம் ஒன்றை வாங்கி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாமா என்பது கேள்வி.

முதல் பக்கத்திலிருந்து வேண்டாம். அந்தப் புத்தகங்கள் எல்லாம் நவுன், ப்ரொநவுன் என்று சொல் வகைகளில்தான் தொடங்கும். பெயர்ச்சொல் எது, வினைச்சொல் எது என்பது தமிழ் வகுப்பிலேயே அவளுக்குத் தெரியும். அவள் தடுக்கி விழுவது தமிழ் ஒரு மாதிரியும் ஆங்கிலம் வேறு மாதிரியும் போகிற ஏழெட்டு இடங்களில் மட்டும். அவற்றில் இரண்டு இடங்களில் மலையாளம் ஆங்கிலத்தின் பக்கம் நிற்கிறது. பொள்ளாச்சியில் இருக்கும் பிள்ளைக்கு இல்லாத வசதி இது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

(கீழே ஆங்கில வாக்கியங்களை ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதட்டும்.)

தொடக்கம் இறந்தகாலத்தில் இருக்கட்டும். வழக்கமாக நிகழ்காலத்தைத்தான் முதலில் சொல்லித் தருவார்கள். அது எனக்கு உடன்பாடில்லை. தமிழில் போனேன், போனாய், போனான், போனாள், போனார், போனது என்று வினையின் வால் ஆளுக்கு ஆள் மாறும். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே ‘வென்ட்’. ஐ வென்ட், யூ வென்ட், ஷி வென்ட், தே வென்ட். மலையாளத்திலும் இதேதான்: ஞான் போயி, நீ போயி, அவள் போயி. ‘போயி மாதிரிதான் வென்ட்’ என்று ஒரு வரி சொன்னால் போதும், அவளுக்குப் பிடிபட்டுவிடும். மாறுவது ‘வாஸ், வேர்’ மட்டும்.

இதிலிருந்தே இன்னொரு தவறுக்கும் மருந்து கிடைக்கிறது. ‘போனேன்’ என்றால் போனது யார் என்று தமிழில் தெரிந்துவிடும். அதனால் ‘நான்’ தேவையில்லை. அந்தப் பழக்கத்தில் பிள்ளைகள் ‘வென்ட் டு மார்க்கெட்’ என்று ஆளே இல்லாமல் எழுதுவார்கள். மலையாளத்தில் வெறும் ‘போயி’ என்றால் ‘ஆரு?’ என்று கேட்பார்கள் அல்லவா? ஆங்கிலமும் அப்படித்தான் கேட்கும். ஒவ்வொரு வினைக்கும் முன்னால் ஓர் ஆள் நின்றாக வேண்டும்.

இறந்தகாலத்துக்கு ‘எட்’ சேர்க்கும் வினைகள் தானாக வந்துவிடும். உருமாறும் வினைகளைத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். அவை நூற்றுக்கு மேல் இருந்தாலும், ஒரு பத்தி எழுத முதல் முப்பது போதும்: கோ–வென்ட், கம்–கேம், ஸீ–ஸா, ஈட்–ஏட், டேக்–டுக், கிவ்–கேவ், பை–பாட், ஸே–ஸெட், டெல்–டோல்ட், மேக்–மேட், கெட்–காட், ஃபைண்ட்–ஃபவுண்ட், லீவ்–லெஃப்ட், திங்க்–தாட், ரைட்–ரோட் என்று. நாளைக்கு மூன்று, பத்து நாள். பட்டியலாகப் பாராமல், ஒவ்வொன்றையும் அன்று வீட்டில் நடந்த ஒரு செயலோடு சேர்த்து ஒரு வாக்கியமாக எழுதட்டும். ‘ரீட்’ எழுத்தில் மாறாது, வாசிக்கும்போது ‘ரெட்’ ஆகிவிடும்.

அடுத்து, எல்லாப் பிள்ளைகளும் செய்யும் தவறு: ‘ஐ டிட் நாட் வென்ட்’. ‘டிட்’டுக்குப் பிறகு வினையின் முதல் வடிவம் வரும் என்று எத்தனை முறை சொன்னாலும் நிற்காது, காரணம் தெரியாததால். காரணம் தமிழிலேயே இருக்கிறது. ‘போனேன்’ என்பதை மறுக்கும்போது ‘போனவில்லை’ என்கிறோமா? ‘போகவில்லை’ என்கிறோம். ‘இல்லை’ வந்ததும் வினை தன் காலத்தை உதறிவிட்டு வெறும் ‘போக’ ஆகிவிடுகிறது. போக என்பது ‘கோ’, இல்லை என்பது ‘டிட் நாட்’. ‘டிட் நாட் வென்ட்’ என்று எழுதும்போதெல்லாம் பக்கத்தில் ‘போனவில்லை’ என்று தமிழில் எழுதச் சொல்லுங்கள். நாலைந்து முறை எழுதியதும் அவளுக்கே சிரிப்பு வரும். கேள்விக்கும் இதே கணக்கு: ‘டிட் யூ கோ?’

சொற்களின் வரிசைக்கு வருவோம். ‘நாய் பூனையைத் துரத்தியது’, ‘பூனையை நாய் துரத்தியது’ இரண்டும் தமிழில் ஒன்றுதான். ‘ஐ’ உருபு பூனையைப் பிடித்து வைத்திருப்பதால் அது எங்கே நின்றாலும் துரத்தப்பட்டது பூனைதான். உருபை எடுத்துவிட்டால் தமிழும் தடுமாறும். ‘புலி கொல் யானை’ என்றால் கொன்றது புலியா யானையா என்று இலக்கண உரைகளில் வரும் பழைய எடுத்துக்காட்டு இதற்குத்தான். ஆங்கிலத்தில் ‘ஐ’ கிடையாது, இடம்தான் உருபு. வினைக்கு முன் நிற்பவர் செய்தவர், பின் நிற்பவர் படுபவர். ஆகவே நோட்டில் ஆறு கட்டம் போட்டுக்கொள்ளட்டும்: யார் – என்ன செய்தார் – எதை – எங்கே – யாரோடு – எப்போது. தமிழ் வாக்கியத்தில் கடைசியில் இருக்கும் வினையைத் தூக்கி இரண்டாம் கட்டத்தில் வைப்பதுதான் முழு வேலை. நிரப்ப ஒன்றும் இல்லாத கட்டம் காலியாக இருக்கலாம், முதல் இரண்டைத் தவிர.

வேற்றுமை உருபுகள் ஆங்கிலத்தில் சொல்லுக்கு முன்னால் போய்விடும். ‘ஓடு’ என்பது ‘வித்’, ‘இருந்து’ என்பது ‘ஃப்ரம்’, ‘உடைய’ என்பது ‘ஆஃப்’. இவற்றில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் எல்லாம் ஏழாம் வேற்றுமையில். நம்முடைய ஒரே ‘இல்’ ஆங்கிலத்தில் இன், ஆன், அட் என்று மூன்றாகப் பிரியும். பெட்டியில் என்றால் இன், மேசையில் என்றால் ஆன், பஸ் ஸ்டாப்பில் என்றால் அட். உள்ளே இருந்தால் இன், பரப்பின்மேல் ஒட்டியிருந்தால் ஆன், ஒரு புள்ளியாக நினைத்தால் அட். காரிலும் ஆட்டோவிலும் ‘இன்’. பஸ்ஸிலும் ரயிலிலும் ‘ஆன்’. எழுந்து நடக்க இடமுள்ள வண்டி ‘ஆன்’ என்று நினைவில் வைக்கலாம். சைக்கிளும் ‘ஆன்’தான், அதன்மேல் உட்காருவதால்.

நேரத்துக்கும் இந்த மூன்றுதான், சிறியதிலிருந்து பெரியதற்கு: மணி என்றால் அட், நாள் என்றால் ஆன், மாதம், வருடம் என்றால் இன். காலையில் என்பது ‘இன் த மார்னிங்’, இரவில் மட்டும் ‘அட் நைட்’. ‘கு’ பெரும்பாலும் ‘டு’. ஆனால் ‘வீட்டுக்குப் போனேன்’ என்பது வெறும் ‘ஐ வென்ட் ஹோம்’. இங்கே ‘டு’ போட்டால் தவறு. ‘பற்றி விவாதித்தோம்’ என்ற நினைப்பில் ‘டிஸ்கஸ்ட் அபவுட்’ என்று எழுதுவதும் அப்படியே. ‘பற்றி’ அந்த வினைக்குள்ளேயே இருக்கிறது.

மலையாளம் கைகொடுக்கும் இரண்டாவது இடம் ‘இஸ்’. தமிழில் ‘அம்மா டீச்சர்’ என்றால் முழு வாக்கியம். அதனால் ‘மை மதர் டீச்சர்’ என்று எழுதிவிட்டு எங்கே தவறு என்று விழிப்பார்கள். மலையாளத்தில் ‘அம்ம டீச்சராணு’. அந்த ‘ஆணு’ இருக்கும் இடத்தில் ‘இஸ்’ வர வேண்டும்: ‘மை மதர் இஸ் அ டீச்சர்’. ‘அம்ம வீட்டிலுண்டு’ என்பதில் உள்ள ‘உண்டு’வும் ‘இஸ்’தான்: ‘மை மதர் இஸ் அட் ஹோம்’. எழுதிய வாக்கியத்தில் வினையே இல்லை என்றால், மலையாளத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்து ஆணுவோ உண்டோ வருகிறதா என்று பார்க்கட்டும்.

‘எனக்கு’ என்று தொடங்கும் வாக்கியங்களில் மட்டும் மலையாளமும் உதவாது, அங்கேயும் ‘எனிக்கு’ தான். எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்குப் பசிக்கிறது, எனக்கு இரண்டு தம்பிகள். ஆங்கிலத்தில் இந்த ‘எனக்கு’ எல்லாமே ‘ஐ’ ஆகிவிடும்: ஐ நோ, ஐ லைக், ஐ ஆம் ஹங்ரி, ஐ ஹேவ் டூ ப்ரதர்ஸ். இந்த நான்கு வகைக்கும் ஐந்தைந்து வாக்கியம் எழுதினால் ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். ‘ஐ ஆம் ஹேவிங் டூ ப்ரதர்ஸ்’, ‘ஐ ஆம் நோயிங்’ என்று இங் போடும் பழக்கத்தையும் அப்போதே நிறுத்துங்கள். தம்பிகள் இருப்பதும் ஒன்று தெரிந்திருப்பதும் இந்த நிமிடம் நடந்துகொண்டிருக்கும் செயல் இல்லை.

‘அ, அன், த’ மூன்றையும் பார்த்து பயப்பட வேண்டியதில்லை. ஒரு ஊரில் ஒரு பாட்டி இருந்தாள். அந்தப் பாட்டி வடை சுட்டாள். ஒரு காக்கா வந்தது. அந்தக் காக்கா வடையைத் தூக்கியது. முதல்முறை வரும்போது ‘ஒரு’, தெரிந்த பிறகு ‘அந்த’. அதுவே ‘அ’வும் ‘த’வும். ஒன்றே ஒன்று: தமிழில் ‘அந்த’வை விட்டுவிட்டு ‘காக்கா வடையைத் தூக்கியது’ என்றும் சொல்லலாம், ஆங்கிலத்தில் விட முடியாது. ‘அ’வா ‘அன்’னா என்பதும் தமிழில் உள்ள ‘ஒரு – ஓர்’ வழக்குதான். உயிரெழுத்துக்கு முன் ஓர். ஆங்கில எழுத்தைப் பார்க்காமல், அந்தச் சொல்லை ஒலிப்புப்படி தமிழில் எழுதிப் பார்த்தால் தவறவே தவறாது. ஒரு மணி நேரம் என்பதற்கான சொல் தமிழில் ‘அவர்’ என்று உயிரில் தொடங்குகிறது, ஆகவே அன். ‘யூனிஃபார்ம்’ யகரத்தில் தொடங்குகிறது, ஆகவே அ. ‘எம்.எல்.ஏ.’ எகரத்தில், ஆகவே அன். வவல் எழுத்து ஐந்து என்று மனப்பாடம் செய்த பிள்ளைகள் இந்த மூன்றிலும் விழுவார்கள்.

இதெல்லாம் கைவந்த பிறகு நிகழ்காலம். ஹி, ஷி, இட் வந்தால் வினையோடு ‘ஸ்’ சேரும் என்பது ஒரே விதி. அதில் நமக்கென்று ஒரு தனிக் குழப்பம் உண்டு. ‘அப்பா வருகிறார்’ என்று மரியாதையாகச் சொல்லிப் பழகியவளுக்கு ‘ஹி கம்ஸ்’ என்று எழுதக் கை வராது. அப்பாவை ‘தே’ ஆக்கிவிடுவாள், அல்லது ‘மை ஃபாதர் ஆர்’ என்பாள். ஆங்கில வினையில் மரியாதைப் பன்மை கிடையாது, பிரதமரும் ‘ஹி’தான் என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது பத்தி. அவள் இரண்டு வரியில் நிற்பதற்குக் காரணம் ஆங்கிலம் போதாமை என்று நினைக்கிறீர்கள். பாதிதான் உண்மை. என்ன எழுதுவது என்று தீர்மானிக்காமல் பேனாவை எடுப்பதுதான் மீதி. எட்டாம் வகுப்புக்கு ஒரு பத்தி என்பது ஏழு வாக்கியம், ஐம்பது அறுபது சொல். முதல் வாக்கியம் யாரைப் பற்றி, எதைப் பற்றி என்று சொல்லிவிட வேண்டும். நடுவில் வரும் ஐந்தும் அந்த ஒன்றைப் பற்றியே இருக்க வேண்டும். கடைசி வாக்கியம் விஷயத்தை முடிக்க வேண்டும். எழுதும் முன் இந்த ஏழுக்கும் தமிழில் ஏழு சொற்களை மட்டும் ஓரத்தில் குறித்துக்கொள்ளட்டும். முழு வாக்கியமாகத் தமிழில் எழுதிவிட்டு மொழிபெயர்க்கக் கூடாது. தமிழ் வாக்கியம் நீளமாக வரும், ‘வந்து, பார்த்து, வாங்கி’ என்று எச்சங்கள் தொடரும், ஆங்கிலத்தில் அதைக் கட்ட முடியாமல் அங்கேயே நின்றுவிடுவாள்.

கேரளப் பாடத்திட்டத்தில் டிஸ்கோர்ஸ் என்ற பெயரில் டைரி, உரையாடல், கடிதம், நோட்டீஸ், ப்ரொஃபைல் என்று பலவும் கேட்பார்கள். முதலில் ப்ரொஃபைலை, அதாவது ஒருவரைப் பற்றிய சிறு அறிமுகத்தை, எடுங்கள், ஏனென்றால் விவரம் கேள்வித்தாளிலேயே இருக்கும், யோசிக்க வேண்டியதில்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்து எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ். விஸ்வநாதனை வைத்துப் பார்ப்போம். குறிப்புகள்: பிறப்பு 24 ஜூன் 1928, எலப்புள்ளி, பாலக்காடு, இசையமைப்பாளர், பட்டம் மெல்லிசை மன்னர், டி.கே. ராமமூர்த்தியுடன் இரட்டையர், பாடகரும்கூட, மறைவு 14 ஜூலை 2015, சென்னை.

‘எம்.எஸ். விஸ்வநாதன் வாஸ் அ ஃபேமஸ் ம்யூஸிக் டைரக்டர். ஹி வாஸ் பார்ன் இன் எலப்புள்ளி, பாலக்காடு, ஆன் 24 ஜூன் 1928. ஹி வொர்க்ட் வித் டி.கே. ராமமூர்த்தி ஃபார் மெனி இயர்ஸ். லேட்டர் ஹி வொர்க்ட் அலோன். ஹி வாஸ் ஆல்ஸோ அ ஸிங்கர். பீப்பிள் கால்ட் ஹிம் மெல்லிசை மன்னர். ஹி டைட் இன் சென்னை ஆன் 14 ஜூலை 2015.’

ஏழே வாக்கியம், எதிலும் பத்துப் பன்னிரண்டு சொல்லுக்கு மேல் இல்லை. இதில் பிள்ளைகள் செய்யும் பிழைகளைப் பாருங்கள். ‘பிறந்தார்’ தமிழில் ஒரே சொல், அதனால் ‘ஹி பார்ன்’ என்பார்கள். ஆங்கிலத்தில் அது ‘பெறப்பட்டார்’ போன்ற செயப்பாட்டு வினை, ஆகவே ‘வாஸ்’ வேண்டும். அதைத் திருத்தியதும் அடுத்த பிழை தயாராக இருக்கும்: ‘ஹி வாஸ் டைட்’. இறப்பது தானே நிகழ்வது, அங்கே ‘வாஸ்’ கிடையாது. இன்னொன்று, ஒவ்வொரு வாக்கியத்திலும் முழுப்பெயரைத் திரும்பத் திரும்ப எழுதுவது. பெயர் முதலில் ஒருமுறை போதும், பிறகு ‘ஹி’. எல்லா வாக்கியமும் ‘ஹி’யில் தொடங்கினாலும் சலிப்புத் தட்டும், அதற்குத்தான் நடுவில் ‘லேட்டர்’ வைத்தது, ‘பீப்பிள்’ என்று ஆளை மாற்றியது.

அடுத்து டைரி. வேலந்தாவளம் காய்கறி மார்க்கெட்டுக்குப் போன நாளை எழுதச் சொன்னால் இந்த மாதிரி வரும்:

‘யெஸ்டர்டே மை மதர் வித் மார்க்கெட் வென்ட். டொமேட்டோ பாட். ரேட் வெரி ஹை. ஸோ லிட்டில் ஒன்லி பாட். தென் பஸ் கம். ஹோம் கம்.’

இதை சிவப்பு மையால் அடித்துத் தள்ளாதீர்கள். சொல்ல வேண்டியதை எல்லாம் வரிசையாகச் சொல்லியிருக்கிறாள், கட்டத்தில் வைக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு முறைக்கு ஒரு பிழை மட்டும் பாருங்கள். முதல் சுற்றில் ஆள் இருக்கிறாரா என்று: ஐ வென்ட், வீ பாட். இரண்டாம் சுற்றில் வினை இருக்கிறதா, காலம் சரியா என்று: ப்ரைஸ் வாஸ், பஸ் கேம். மூன்றாம் சுற்றில் உருபுகள், அ, த. கடைசியில் பெரிய எழுத்து, முற்றுப்புள்ளி. தமிழிலும் மலையாளத்திலும் பெரிய எழுத்து என்ற ஒன்றே கிடையாது, ஆகவே அது கண்ணில் படாது; அதற்கென்று தனிச் சுற்று வேண்டும். நான்கு சுற்றுக்குப் பிறகு:

‘யெஸ்டர்டே ஐ வென்ட் டு த மார்க்கெட் வித் மை மதர். வீ பாட் டொமேட்டோஸ். த ப்ரைஸ் வாஸ் வெரி ஹை, ஸோ வீ பாட் ஒன்லி ஹாஃப் அ கிலோ. தென் த பஸ் கேம். வீ கேம் ஹோம்.’

‘ஸோ’வைப் பயன்படுத்தினால் ‘பிகாஸ்’ வேண்டாம், ‘ஆல்தோ’ என்று தொடங்கினால் ‘பட்’ வேண்டாம். ஒரு வாக்கியத்தில் ஓர் இணைப்பு போதும். ‘நேற்று வந்த பையன்’ போன்ற பெயரெச்சத் தொடர்களை இந்த வருடம் தொடவே வேண்டாம். ஆங்கிலத்தில் அது தலைகீழாகத் திரும்பி ‘பாய் ஹூ கேம்’ ஆகும். இரண்டு சிறு வாக்கியமாக உடைத்து எழுதினால் மதிப்பெண் ஒன்றும் குறையாது.

இலக்கிய வடிவங்களை நீட்ட வேண்டாம், செய்யுள் படித்த பிள்ளைக்கு இவை புதிதல்ல. அல்லிட்டரேஷன் என்பது மோனை. ரைம் என்பது வரியின் கடைசியில் வரும் இயைபு. எதுகை அல்ல, நமக்கு எதுகை சீரின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்தில் வரும். ரைமைக் காதால் பார்க்க வேண்டும்: ‘கம்’, ‘ஹோம்’ இரண்டும் ஆங்கில எழுத்தில் ஒரே மாதிரி முடிந்தாலும் இயைபு இல்லை, ‘ப்ளூ’, ‘ஷூ’ வேறு எழுத்தில் முடிந்தாலும் இயைபு உண்டு. ஒரே ஒலியில் முடியும் வரிகளுக்கு ஒரே அடையாளம் இட்டு ஏ-பி-ஏ-பி என்று எழுதினால் அதுவே ரைம் ஸ்கீம். ஸிமிலி உவமை, ‘லைக்’, ‘ஆஸ்’ இரண்டும் நம்முடைய ‘போல’. மெட்டஃபர் உருவகம். மலர்முகம் என்றால் உவமை, முகமலர் என்றால் உருவகம் என்று தமிழில் படித்த வேறுபாடே இங்கும். பெர்ஸானிஃபிகேஷனைத் தற்குறிப்பேற்ற அணி என்று சிலர் எழுதிக் கொடுக்கிறார்கள், இரண்டும் ஒன்றல்ல. காற்று பாடியது என்றால் பெர்ஸானிஃபிகேஷன். இயல்பாக நடக்கும் ஒன்றுக்குக் கவிஞர் தானாக ஒரு காரணம் கற்பித்தால் மட்டுமே தற்குறிப்பேற்றம். ஸானட் பதினான்கு வரி, லிமரிக் ஐந்து வரி, ஏ-ஏ-பி-பி-ஏ.

கவிதை பற்றி எழுதச் சொன்னால் ஐந்து வாக்கியம்: யார் எழுதியது, எதைப் பற்றி, பிடித்த ஒரு வரி, அதில் உள்ள அணி, அந்த வரி கண்முன் கொண்டுவரும் காட்சி. கவிதையைப் பற்றிப் பேசும்போது மட்டும் நிகழ்காலம் வரும்: ‘த போயட் ஸெஸ்’. இங்கே அந்த ‘ஸ்’ கட்டாயம்.

தினமும் முக்கால் மணி நேரம் போதும். முதல் பதினைந்து நிமிடம் பாடப்புத்தகத்தில் நாலைந்து வரிப் பத்தி ஒன்றை இரண்டு முறை வாசித்து, மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதி, திறந்து ஒப்பிட வேண்டும். விட்டுப்போனவை பெரும்பாலும் ‘த’, ‘அட்’, ‘இஸ்’ போன்ற குட்டிச் சொற்களாகவே இருக்கும். அடுத்த இருபது நிமிடம் சொந்தப் பத்தி. கடைசிப் பத்து நிமிடம் நேற்று எழுதியதைத் திருத்துவது. அன்று எழுதியதை அன்றே திருத்தினால் பிழை கண்ணுக்குத் தெரியாது.

எஸ்.எஸ்.எல்.சி.யில் ஆங்கில எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண். தொடக்கத்தில் 15 நிமிடம் கூல் ஆஃப் டைம் கொடுப்பார்கள், அப்போது விடை எழுதக் கூடாது, கேள்வியை வாசித்துத் திட்டமிடலாம். பல பிள்ளைகள் அந்த நேரத்தில் கேள்வித்தாளை இரண்டு முறை புரட்டிவிட்டு மணி எப்போது அடிக்கும் என்று உட்கார்ந்திருப்பார்கள். பத்திக் கேள்வி ஒவ்வொன்றுக்கும் அந்த ஏழு சொற்களை மனதில் அடுக்க அந்த 15 நிமிடம் போதும். எட்டாம் வகுப்பிலேயே வீட்டில் எழுதும் ஒவ்வொரு பத்திக்கும் முன்னால் இரண்டு நிமிடம் பேனாவை மூடி வைத்து இதைப் பழக்கிவிடுங்கள்.